சோயா சாஸ் பொறக்குற தீவுக்கு குடும்பத்தோட ஒரு நாள் – ஷோடோஷிமா பத்தி எல்லாரும் கேக்குற கேள்விகள்

நாங்க ஒசாகா பக்கம் குடியிருக்கோம். ஷோடோஷிமா தீவுக்கு ரெண்டு தடவை ஒருநாள் ட்ரிப் போயிட்டு வந்தோம். முதல் தடவை ஜூலைல நான், வீட்டுக்காரர், 9 வயசு பொண்ணு, 4 வயசு பையன். ரெண்டாவது தடவை பிப்ரவரில, தூத்துக்குடில இருந்து வந்திருந்த எங்கம்மாவும் கூட. போட்டோ பார்த்ததுல இருந்து தெரிஞ்சவங்க எல்லாம் ஒரே கேள்விகள திரும்பத் திரும்ப கேக்குறாங்க, அதனால மொத்தமா உக்காந்து எழுதிட்டேன்.

ஷோடோஷிமா எங்க இருக்கு? சோயா சாஸுக்கு ஏன் அந்த ஊரு?

ஜப்பானோட மேற்குப் பக்கம் சேட்டோ உள்நாட்டுக் கடல்னு ஒரு அமைதியான கடல் இருக்கு, அதுல இருக்குற தீவு. கககாவா மாகாணத்தைச் சேர்ந்தது. அங்க சுமார் 400 வருஷமா சோயா சாஸ் செய்றாங்க. 1620-கள்ல ஒசாகா கோட்டையத் திரும்ப கட்டுனப்போ இந்தத் தீவுல இருந்துதான் நிறைய கல்லு வெட்டி எடுத்துட்டு போனாங்க, அப்ப வந்து போன ஆளுங்க மூலமா யுவாசாங்கற ஊரோட சோயா சாஸ் இங்க அறிமுகம் ஆச்சுன்னு சொல்றாங்க. யுவாசா வகயாமா மாகாணத்துல இருக்கு, ஜப்பான் சோயா சாஸோட தாய்வீடுன்னே அதைத்தான் சொல்லுவாங்க.

ஆனா ருசி தெரிஞ்சா மட்டும் தொழில் வந்துடாது இல்ல. இந்தத் தீவுல ஏற்கனவே உப்பு காய்ச்சிட்டு இருந்தாங்க, மழை கம்மி, சோயாவும் கோதுமையும் கப்பல்ல வந்து எறங்கும், செஞ்சத விக்க ஒசாகா சந்தை கடல் வழியா பக்கத்துலயே இருக்கு. எங்கம்மாகிட்ட இதச் சொன்னதும் "உப்பு இருக்குற ஊர்ல கருவாடும் ஊறுகாயும் தானா வந்துரும்ட்டி"ன்னாங்க. தூத்துக்குடி உப்பளத்த பார்த்து வளந்தவங்களுக்கு வேற விளக்கம் வேணுமா. மெய்ஜி காலத்துல (1868-1912) 400 பட்டறை வரைக்கும் இருந்துச்சாம், இப்ப 20-க்கு பக்கம்தான் இருக்கு.

நாங்க டோக்கியோல இருக்கோம். இவ்ளோ தூரம் வரணுமா?

சோயா சாஸ் எப்படி செய்றாங்கன்னு பிள்ளைங்களுக்கு காமிச்சா போதும்னா வேண்டாம், சிபா மாகாணத்துல நோடாவுக்கு போங்க. டோக்கியோல நிஷி கசாய் பக்கம் இருக்குற நம்மாளுங்களுக்கு அதுதான் வசதி. கிக்கோமன் கம்பெனியோட ஊரே அதுதான், 1917-ல அந்தப் பக்கத்து குடும்பங்க எட்டு சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி. நோடாஷி ஸ்டேஷன்ல எறங்கி கொஞ்ச தூரம் நடந்தா அவங்க மியூசியம், இலவசம், ஆனா முன்னாடியே புக் பண்ணணும். அரண்மனைக்கு சோயா சாஸ் செய்றதுக்காக 1939-ல கட்டுன பட்டறையையும் அந்த தொழிற்சாலை வளாகத்துல பார்க்கலாம்.

ஷோடோஷிமால கிடைக்கிறது வேற. அங்க மரப்பீப்பா. ஜப்பான்ல இன்னைக்கு செய்ற மொத்த சோயா சாஸ்ல மரப்பீப்பால ஊறி வர்றது 1 சதவீதம் அளவுக்குத்தான், நாட்டுல மிச்சம் இருக்குற பெரிய பீப்பாக்கள்ல ஆயிரத்துக்கு மேல இந்த ஒரே தீவுல இருக்கு. அத ஒரு தடவையாவது நேர்ல பார்க்கணும், நான் மனசாரச் சொல்றேன்.

எப்படி போறது? ஒரே நாள்ல முடியுமா?

தகாமட்சு ஊர்ல இருந்து போனா தாராளமா முடியும். தகாமட்சு துறைமுகத்துல இருந்து டோனோஷோ துறைமுகத்துக்கு கார் ஏத்துற பெரிய ஃபெர்ரில 1 மணி நேரம், பெரியவங்களுக்கு ஒரு வழி டிக்கெட் ஆயிரம் யென்னுக்குள்ள. வேகமா போற சின்ன படகும் இருக்கு, அரை மணிக்கு கொஞ்சம் மேல ஆகும். பிள்ளைங்க கூடன்னா பெரிய ஃபெர்ரியே நல்லது, ஓடியாடலாம், மேல் தளத்துல நின்னு தீவுகள பார்த்துட்டே போகலாம்.

ஒசாகால இருந்து அதே நாள் காலைல கிளம்பி திரும்புறது ரொம்ப அலைச்சல். ஒகயாமா வரைக்கும் ஷின்கான்சென் புல்லட் ரயில், அங்க இருந்து மரைன் லைனர்னு ஒரு ரயில், அது சேட்டோ பெரிய பாலத்து மேல கடல தாண்டி ஒரு மணி நேரத்துக்குள்ள தகாமட்சு வரும், அப்புறம் ஃபெர்ரி. நாங்க ரெண்டு தடவையும் முந்தின நாள் சாயங்காலமே தகாமட்சு போய் தங்கிட்டு, காலைல முதல்லயே கிளம்புற ஃபெர்ரில ஒண்ண புடிச்சோம். ஹிமேஜி, கோபே, ஒகயாமால இருந்தும் தீவுக்கு கப்பல் இருக்கு, ஆனா ஒவ்வொண்ணும் தீவோட வேற வேற துறைமுகத்துக்கு போகும், அத மட்டும் பார்த்து ஏறுங்க.

தீவுக்குள்ள ஆலிவ் பஸ்னு ஒண்ணு ஓடுது, ஒரு நாள் பாஸ் வாங்கலாம். ஆனா பஸ் அடிக்கடி வராது. முதல் தடவை ஒரு பஸ்ஸ விட்டுட்டு ஜூலை வெயில்ல பையன தூக்கிட்டு நின்னது போதும்னு ஆயிடுச்சு, அதனால ரெண்டாவது தடவை வாடகை கார் எடுத்தோம். சின்னப் பிள்ளை, வயசானவங்க இருந்தா யோசிக்காம கார் எடுங்க, கார் சீட் வேணும்னு புக் பண்ணும்போதே சொல்லிடுங்க.

எந்த மாசம் போகலாம்?

இதுல ஒண்ணு கிடைச்சா ஒண்ணு கிடைக்காது. வெயில் காலத்துல பீப்பாக்குள்ள நொதிக்கிறது வேகமா நடக்கும், குமிழி வெடிக்கிறத கண்ணால பார்க்கலாம். குளிர்ல அது தூங்கிடும். ஆனா சோமென் நூடுல்ஸ் கையால இழுத்து காய வைக்கிறது அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் குளிர்லதான். சோயா சாஸுக்கு வேண்டிய கோஜிங்கற பூசணத்த வளக்குறதும் பீப்பால புதுசா போடுறதும் பழைய முறைப்படி செய்ற பட்டறைல குளிர் காலத்துலதான் ஆரம்பிப்பாங்க.

ஒரே தடவைதான் போக முடியும்னா நான் மே கடைசிய சொல்லுவேன். மழைக்காலம் ஆரம்பிக்கல, வெயில் சுள்ளுன்னு அடிக்காது, பீப்பாவும் முழிச்சிருக்கும். சோமென் காயுறத பார்க்க முடியாது, ஆனா சாப்பிடலாமே.

பட்டறைக்குள்ள என்னதான் இருக்கு?

நாங்க போனது யமரோக்குங்கற குடும்பப் பட்டறை, யசுதாங்கற பகுதில இருக்கு. நூத்தம்பது வருஷம் கிட்ட ஆன இடம். சின்ன சந்துக்குள்ள போகணும், கார் ஓட்டிட்டு இருந்தவர் இது வழிதானான்னு மூணு தடவை கேட்டார். இறங்குறதுக்கு முன்னாடியே வாசனை வந்துடுச்சு.

உள்ள மண் சுவர், மண் தரை, வெளிச்சம் கம்மி. கண்ணு பழகுனதும் பீப்பாக்கள் தெரியும். நம்ம ஊர்ல பீப்பான்னா நெனக்கிற மாதிரி படுக்க வச்ச சின்னது இல்ல, இது ஆள விட உசரமா, மேல வாய் திறந்த பெரிய மரத் தொட்டி. கியோக்கேன்னு பேரு. சீடர் மரப் பலகைங்கள வட்டமா நிக்க வச்சு, பின்னின மூங்கிலால சுத்தி இறுக்கியிருக்காங்க. ஒண்ணுல சில ஆயிரம் லிட்டர் புடிக்கும். பலகை மேல, தூண் மேல, சுவர் மேல, எங்க பார்த்தாலும் கருப்பும் சாம்பலுமா ஏதோ பொருக்கு பொருக்கா அப்பியிருக்கு, சில இடத்துல விரல் மொத்தத்துக்கு. முதல்ல பார்த்தா வருஷக்கணக்கா துடைக்காத இடம் மாதிரி தோணும். அது அழுக்கு இல்ல. சோயா சாஸுக்கு ருசி குடுக்குற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அந்த மரத்துலயும் சுவர்லயும் தலைமுறை தலைமுறையா குடியிருக்கு, அதத் தேய்ச்சு கழுவிட்டா அந்தப் பட்டறையோட ருசியே போயிடும். பொண்ணு கைய நீட்டுனா, அங்க வேலை பார்க்குற அண்ணா சட்டுனு ஆனா ரொம்ப மெதுவா "அவங்க வீடு அது, தொடாதம்மா"ங்கற அர்த்தத்துல சொன்னார். அதுக்கப்புறம் அவ கைய பின்னாடி கட்டிக்கிட்டே நடந்தா.

மேல பலகைல ஏறி உள்ள எட்டிப் பார்க்க விட்டாங்க. செம்பழுப்பு நிறத்துல கெட்டியா, கொஞ்சம் களி மாதிரி. அதுதான் மொரோமி. ஜூலைல போனப்போ அது சும்மா இருக்கல, ஒரு ஓரத்துல மெதுவா உப்பும், ஒரு குமிழி பெருசாகும், ப்ளக்குனு உடையும், அந்த இடத்துல ஒரு சின்னக் குழி விழுந்து மறுபடி மூடும். அப்புறம் வேற இடத்துல. நாங்க பேசாம நின்னா சத்தம் கேட்டுச்சு. பையன் ரொம்ப நேரம் பார்த்துட்டு "அம்மா அது மூச்சு விடுது"ன்னான். உண்மைதானே, அந்தக் குமிழி கார்பன் டை ஆக்சைடுதான்.

சரி, சோயா சாஸ் எப்படி செய்றாங்க? பிள்ளைங்களுக்கு புரியுற மாதிரி சொல்லுங்க.

சாமான் நாலே நாலு: சோயா, கோதுமை, உப்பு, தண்ணி. சோயாவ ஊற வச்சு ஆவில வேக வைப்பாங்க. கோதுமைய வறுத்து உடைப்பாங்க. ரெண்டும் ஏறக்குறைய சம அளவு. ரெண்டையும் கலந்து அதுல கோஜிங்கற பூசண விதையத் தூவி, வெதுவெதுப்பா ஈரமா இருக்குற அறைல சுமார் மூணு நாள் வைப்பாங்க, மேல மஞ்சப் பச்சையா பூத்து நிக்கும். இத உப்புத் தண்ணில போட்டா மொரோமி.

அதுக்கப்புறம் காத்திருக்கணும். கோஜி விட்டுட்டுப் போன என்சைம்கள் புரதத்த உடைச்சு அமினோ அமிலமா மாத்தும், நாக்குல ஒட்டிக்கிற அந்த உமாமி ருசி அதுதான். மாவுச்சத்து சர்க்கரையாகும். அப்புறம் லாக்டிக் பாக்டீரியா வந்து லேசா புளிப்பு குடுக்கும், அது முடிச்சதும் ஈஸ்ட் வந்து வாசனையக் குடுக்கும். அவ்ளோ உப்புல கெட்ட கிருமி பொழைக்காது, உப்பத் தாங்குற இவங்க மட்டும்தான் வேலை செய்வாங்க. நம்ம இட்லி மாவும் இப்படித்தான், லாக்டிக் பாக்டீரியா புளிக்க வச்சு பொங்க வைக்குது, அதுக்கு ஒரு ராத்திரி போதும். பெரிய தொழிற்சாலைல வெப்பத்த கட்டுப்பாட்டுல வச்சு ஆறு மாசம் போல ஆகும். மரப்பீப்பால வெயில் குளிர் அது போக்குல வந்து போகணும், அதனால ஒரு வருஷத்துல இருந்து மூணு வருஷம் வரைக்கும்.

கடைசில துணில மடிச்சு மடிச்சு அடுக்கி பிழிவாங்க. எங்கம்மா நல்லெண்ணெய் செக்கு மாதிரி இருக்கும்னு எதிர்பார்த்தாங்க, இது அப்படி இல்ல, அடுக்குனதோட பாரத்துலயே முதல்ல தானா வடியும், அப்புறம்தான் மெதுவா அழுத்துவாங்க. மிச்சம் நிக்கிறது பிண்ணாக்குதான், மாட்டுத் தீவனத்துக்கும் போகும். வடிஞ்சத சூடு பண்ணுவாங்க, நொதிக்கிறது நிக்கும், நிறமும் வாசனையும் ஏறும். அவ்ளோதான்.

பூசணத்தையா சாப்பிடுறோம்? பயமா இருக்கே.

எல்லா பூசணமும் ஒண்ணு இல்லங்க. ரொட்டில பூக்குறது வேற, கோஜி வேற. ஆஸ்பெர்ஜிலஸ் ஒரிசேன்னு பேரு, பல நூறு வருஷமா மனுஷங்க வளத்து பழக்கி வச்ச வகை, விஷம் உண்டாக்காது. மிசோ (நொதிச்ச சோயா விழுது), சாக்கே (அரிசி மது), மிரின் (சமையலுக்கான இனிப்பு மது), அரிசி வினிகர் எல்லாத்துக்கும் இந்தக் குடும்பம்தான் ஆரம்பம். 2006-ல ஜப்பான் மது வடிப்புக் கழகம் கோஜிய "தேசிய பூசணம்"னே அறிவிச்சாங்க. அது இல்லன்னா ஜப்பான் சாப்பாடே இல்ல, நான் அதுல கொஞ்சமும் கூட்டிச் சொல்லல.

போறதுக்கு முன்னாடி ஏதாவது கட்டுப்பாடு இருக்கா?

காலைல நாட்டோ சாப்பிடாதீங்க. நாட்டோன்னா ஹோட்டல் காலை உணவுல இருக்குமே, நூல் நூலா இழுக்குற நொதிச்ச சோயா, அது. அதுல இருக்குற பாக்டீரியா ரொம்ப வலுவானது, கை, சட்டைல ஒட்டிட்டு போய் கோஜிய கெடுத்துடும். கோஜி வளக்குற எந்தப் பட்டறையா இருந்தாலும் இதுதான் பழக்கம். என் பொண்ணுக்கு நாட்டோ உயிர், அன்னைக்கு ஒரு நாள் விட்டுக் குடுத்தா.

செண்ட் போடாம போங்க. தரை மேடு பள்ளமா இருக்கும், ஹீல்ஸ் வேண்டாம்.

வாசனை எப்படி இருக்கும்? பிள்ளைங்க மூக்க மூடிக்குமா?

கெட்ட நாத்தம் இல்ல. நாட்டுச் சர்க்கரை பாகு, வறுத்த கோதுமை, கொஞ்சம் பழம் அழுகுற முன்னாடி வர்ற இனிப்பு வாசம், எல்லாம் சேர்ந்தது. ஜூலைல தூக்கலா இருந்துச்சு, பையன் முதல் அஞ்சு நிமிஷம் என் துப்பட்டாவுக்குள்ள மூஞ்சிய வச்சிருந்தான், அப்புறம் மறந்துட்டான். பிப்ரவரில அவ்ளோ இல்ல. பட்டறைங்க கூட்டமா இருக்குற பகுதிக்கு ஹிஷியோ நோ சாத்தோன்னு பேரு, அங்க தெருவுல நடந்தாலே இந்த வாசம்தான், பழைய கருப்பு மரச் சுவர், கூரை ஓடு கூட அந்த நுண்ணுயிரால கருத்துப் போயிருக்கும்.

பிள்ளைங்களுக்கு போர் அடிக்காதா?

பட்டறைய விறுவிறுன்னு பார்த்தா இருபது நிமிஷத்துல முடிஞ்சிடும், அப்ப போர்தான் அடிக்கும். நீங்க நின்னு பார்த்தா அவங்களும் நிப்பாங்க. என் அனுபவத்துல இதுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கணும், வேற ஏதாவது இடத்த விட்டாலும் பரவாயில்ல. போறதுக்கு முன்னாடி வீட்ல ஒரு சின்ன வேலை செஞ்சோம்: சோயா, கோதுமை, உப்பு மூணையும் தனித்தனியா தட்டுல வச்சு, பக்கத்துல கொஞ்சம் சோயா சாஸ் ஊத்தி, இதுல இருந்து இது எப்படி வரும்னு கேட்டேன். பொண்ணு "பெயிண்ட் கலப்பாங்க"ன்னு சொன்னா. அந்தக் கேள்வியோட போனதாலதான் அங்க அவ்ளோ கேட்டா.

மருகின் கம்பெனியோட சோயா சாஸ் மியூசியம் அங்க கிட்டத்தான், வாசல்லயே பஸ் நிக்கும். 1907-ல ஆரம்பிச்ச கம்பெனி, பழைய பட்டறைக் கட்டடத்தையே மியூசியமா வச்சிருக்காங்க. பழைய பீப்பா, பிழியுற சாமான், தொட்டி கிளறுற நீளக் கம்பு எல்லாம் பக்கத்துல நின்னு பார்க்கலாம். சோயா சாஸ் சாஃப்ட் ஐஸ்க்ரீம் கண்டிப்பா வாங்குங்க, உப்பு போட்ட கேரமல் மாதிரி இருக்கும், என் பையன் ரெண்டு சாப்பிட்டான்.

நேரம் இருந்தா டோனோஷோல டோஃபுச்சி நீர்ச்சந்தி, உலகத்துலயே ரொம்ப குறுகலான நீர்ச்சந்தின்னு கின்னஸ்ல இருக்கு, குறுகலான இடத்துல அகலம் 9.93 மீட்டர். ஒரு சின்னப் பாலத்துல நடந்தா கடலக் கடந்தாச்சு, பிள்ளைங்க திரும்பத் திரும்ப கடந்துச்சு.

சோமென்னா என்ன? அதையும் பார்க்கணுமா?

குளிர் காலத்துல போனா பார்த்தே ஆகணும். சோமென் மெல்லிசு கோதுமை நூடுல்ஸ், சேமியாவ விட சன்னமா இருக்கும். இதுவும் இங்க 400 வருஷத் தொழில். மாவ கயிறு மாதிரி திரிச்சு, ரெண்டு கம்புல எட்டு வடிவத்துல சுத்தி, கொஞ்ச நேரம் ஊற விட்டு இழுப்பாங்க, மறுபடி ஊற விட்டு மறுபடி இழுப்பாங்க. ஒட்டிக்காம இருக்க எண்ணெய் தடவணும், ஷோடோஷிமால அதுக்கு நல்லெண்ணெய். வேற ஊர் சோமென்ல வேற எண்ணெய்தான் போடுவாங்க. ஜப்பான் நல்லெண்ணெய் பெரும்பாலும் வறுத்த எள்ளுல எடுக்குறது, நம்மது மாதிரி இருக்காது, ஆனாலும் அந்த வாசம் வந்ததும் எங்கம்மா முகம் மாறிடுச்சு.

ரெண்டு நீளக் குச்சிய இழைங்க நடுவுல விட்டு மேலயும் கீழயும் பிரிக்கிற வேலைய நாமளும் செஞ்சு பார்க்க சில இடத்துல விடுவாங்க, முன்கூட்டியே புக் பண்ணணும். அம்மா அத எடுத்தாங்க. குச்சிய உள்ள விட்டு கீழ இழுக்க இழுக்க அந்த இழைங்க வெள்ளைத் திரை மாதிரி நீண்டுட்டே போகுது, அறுந்துடுமோன்னு எனக்குத்தான் பதட்டம், அவங்க கை கொஞ்சமும் நடுங்கல. அங்க இருந்த பாட்டி ஜப்பானீஸ்ல என்னமோ பாராட்டுனாங்க, அம்மா தமிழ்ல "எங்க ஊர்ல வத்தல் போடுவோம்லா"ன்னு பதில் சொன்னாங்க, ரெண்டு பேரும் தலையாட்டிக்கிட்டாங்க.

சாப்பாடு என்ன கிடைக்கும்?

தீவுல ஹிஷியோ டொன்னு ஒரு சாப்பாடு, சோத்து மேல அந்த ஊர் மீனு, காய், இல்ல கறி வச்சு, ஷோடோஷிமா சோயா சாஸோ மொரோமியோ போட்டுத் தருவாங்க, தொட்டுக்க ஆலிவோ ட்சுகுதானியோ இருக்கும். ட்சுகுதானின்னா கடல்பாசி, சின்ன மீன் மாதிரி எதையாவது சோயா சாஸ்ல சுண்டக் காய்ச்சுனது, நம்ம தொக்கு மாதிரி கொஞ்சமா தொட்டு நிறைய சோறு சாப்பிடலாம். ஆலிவ் 1908-ல இருந்து இந்தத் தீவுல வளக்குறாங்க.

தகாமட்சுல முந்தின நாள் ராத்திரி சனுகி உடோன்னு தடியான கோதுமை நூடுல்ஸ் இருக்கும், அத சாப்பிடுங்க. அந்தக் குழம்புத் தண்ணிக்கு இரிக்கோன்னு காஞ்ச சின்ன மீன் போடுவாங்க. கடைல பாக்கெட்ட பார்த்ததும் அம்மா "இது நெத்திலிக் கருவாடுல்லா"ன்னாங்க. ஆமா, அதே இனம்தான். கட்சுவோபுஷின்னு மரக்கட்டை மாதிரி இருக்குறதையும் தட்டிப் பார்த்துட்டு "மாசி"ன்னாங்க. அதுவும் சரிதான், ரெண்டுமே சூரை மீன அவிச்சு, புகை போட்டு, கல்லு மாதிரி காய வைக்கிறது. ஜப்பான்ல நல்ல ரகத்துக்கு மேல ஒரு பூசணமும் வளத்து இன்னும் காய வைப்பாங்க, அது மட்டும்தான் வித்தியாசம்.

நாங்க சைவம். என்ன பண்றது?

சோயா சாஸ்ல மீன் கிடையாது, அது சைவம்தான். சிக்கல் எங்கன்னா தாஷிங்கற அந்தக் குழம்புத் தண்ணில. சோமென் தொட்டுக்க தர்ற ட்சுயு, மிசோ சூப், வேக வச்ச காய், எல்லாத்துலயும் மீன் தாஷி இருக்கும், கண்ணுக்கு தெரியாது. பார்க்க வெறும் காயா இருக்கேன்னு நம்பி சாப்பிடாதீங்க. சில பாட்டில்ல "தாஷி ஷோயு"ன்னு இருக்கும், அதுலயும் பெரும்பாலும் மீன் சேர்ந்திருக்கும்.

நாங்க ரெண்டாவது தடவை போனது வெள்ளிக்கிழமை, அம்மா அன்னைக்கு விரதம். என்ன பண்ணோம்னா, ட்சுயு வேண்டாம்னு சொல்லி வெறும் சோமென் வாங்கி, அதுல நல்ல சோயா சாஸ் கொஞ்சம், இஞ்சி துருவல், எள்ளு, வெங்காயத்தாள் போட்டு குடுத்தோம். அம்மா முழுசா சாப்பிட்டாங்க. கூடவே புளியோதரை கட்டிட்டு போயிருந்தோம், சைவக் குடும்பம்னா நீங்களும் ஏதாவது கட்டிட்டு போங்க. கொம்பு தாஷி மட்டும் போட்டதுன்னா அது கடல்பாசி, சைவம்.

சோயா சாஸ்ல ஆல்கஹால் இருக்கா? கோதுமை ஒத்துக்காதவங்க?

ஈஸ்ட் வேலை செய்றதால இயற்கையாவே கொஞ்சம் ஆல்கஹால் உண்டாகும், 2 சதவீதம் போல. சில பாட்டில்ல மேல பூசணம் கட்டாம இருக்க தனியாவும் சேர்ப்பாங்க, அப்ப லேபிள்ல "ஷுசெய்"னு இருக்கும். முஸ்லிம் நண்பர்களுக்கு ஹலால் சான்று வாங்குன சோயா சாஸ் தனியா விக்கிறாங்க. கோதுமை அலர்ஜி, சீலியாக் இருக்குறவங்க சாதா சோயா சாஸ் தவிர்க்கணும், கோதுமை இல்லாத தமாரின்னு ஒரு வகை சோயா சாஸ் இருக்கு, ஆனா எல்லா தமாரியும் அப்படி இல்ல, லேபிள பார்த்தே வாங்குங்க. பிரஷர் இருக்குறவங்களுக்கு ஒண்ணு: ஒரு டேபிள்ஸ்பூன்ல கிட்டத்தட்ட 2.5 கிராம் உப்பு இருக்கு. ஊத்தாதீங்க, தொட்டுக்கோங்க.

கடைல எத வாங்கறது? எத்தனை வகை இருக்கு?

ஜப்பான்ல அஞ்சு வகை. கொய்குச்சி, சாதாரணமா எல்லா வீட்லயும் இருக்குறது, விக்கிறதுல 80 சதவீதத்துக்கு மேல அதுதான். உசுகுச்சி நிறம் வெளுப்பு, ஆனா உப்பு கூட, நிறத்த பார்த்து கம்மின்னு நெனச்சு ஊத்திடாதீங்க. தமாரி கெட்டி, பெரும்பாலும் சோயா மட்டும். ஷிரோ ரொம்ப வெளுப்பு, கோதுமைதான் அதிகம். சைஷிகோமிங்கறதுதான் எனக்கு பிடிச்சது: உப்புத் தண்ணிக்கு பதிலா ஏற்கனவே செஞ்சு முடிச்ச சோயா சாஸ்லயே மறுபடி கோஜியப் போட்டு இன்னொரு சுத்து ஊற வைப்பாங்க. சாமானும் ரெட்டிப்பு, நாளும் ரெட்டிப்பு. யமரோக்குல அதுக்கு ட்சுரு பிஷியோன்னு பேரு, நாலு வருஷம் போல ஆகும். வெனிலா ஐஸ்க்ரீம் மேல ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்க. தயிர் சாதத்துல கூட நல்லாருக்கும், நான் சாப்பிட்டிருக்கேன்.

சமையலுக்கு கொய்குச்சி ஒண்ணு, மேல விட்டுக்க சைஷிகோமி சின்ன பாட்டில் ஒண்ணு, போதும்.

நம்ம ஊர்ல ஃப்ரைட் ரைஸுக்கு ஊத்துற சோயா சாஸும் இதுவும் ஒண்ணா?

பல பாட்டில் ஒண்ணு இல்ல. பின்னாடி திருப்பி பாருங்க, கேரமல் நிறம், ஹைட்ரோலைஸ்ட் வெஜிடபிள் புரோட்டீன், அசிடிட்டி ரெகுலேட்டர்னு இருந்தா அது நொதிக்க வைக்காம அமிலத்துல புரதத்த உடைச்சு சீக்கிரம் செஞ்சது. நாலு சாமான் மட்டும் போட்டிருந்தா ஊற வச்சது. ஜப்பான்ல வாங்கும்போது "ஹோன்ஜோசோ"ன்னு எழுதியிருக்கான்னு ட்ரான்ஸ்லேட் ஆப்ல காமிங்க, முறையா நொதிக்க வச்சதுன்னு அர்த்தம்.

ஊருக்கு கொண்டு போகலாமா? எப்படி வைக்கிறது?

செக்-இன் பெட்டில வைங்க, 100 மில்லிக்கு மேல கைப்பைல விடமாட்டாங்க. கண்ணாடி பாட்டில்னா மூடிய டேப் ஒட்டி, ரெண்டு ஜிப் கவர், நடுவுல புடவை. திறந்ததும் ஃப்ரிட்ஜ்ல வைங்க, காத்து பட்டா நிறம் கருத்து வாசனை போயிடும், ஒரு மாசத்துக்குள்ள முடிக்கிறது நல்லது.

ஜப்பானீஸ் தெரியாதே, புக் பண்ணணுமா?

நாங்க பட்டறைக்கு புக் பண்ணாமதான் போனோம், இலவசமாத்தான் காமிச்சாங்க. ஆனா அது வேலை நடக்குற இடம், அதனால போறதுக்கு முந்தின நாள் திறந்திருக்கான்னு அவங்க சைட்ல பார்த்துக்கோங்க. ஆப் வச்சே சமாளிக்கலாம். வேற ஒரு கடைல மட்டும் மதியம் சாப்பாடு உண்டுன்னு போட்டிருந்தத நம்பி போய், மூடியிருந்து, பிள்ளைங்க பசில அழுது, கடைசில கார்லயே புளியோதரைய பிரிச்சோம். தீவுல மதியம் ரெண்டு மணிக்கு மேல சாப்பாடு கிடைக்கிறது கஷ்டம்.

அந்தப் பீப்பா எல்லாம் பழசாயிட்டா என்ன பண்ணுவாங்க?

என் பொண்ணு அங்கயே கேட்ட கேள்வி இது. ஒரு பீப்பா 100-ல இருந்து 150 வருஷம் உழைக்கும். அதனாலயே செய்ற ஆளுங்களுக்கு வேலை இல்லாம போயிடுச்சு, இவ்ளோ பெரிய பீப்பா செய்யத் தெரிஞ்சவங்க ஒசாகா பக்கம் சகாய்ல ஒரே ஒரு இடம்தான்னு ஆகிப்போச்சு. யமரோக்கோட அஞ்சாவது தலைமுறை யமமோட்டோ யசுவோ, 2012-ல தச்சு வேலை தெரிஞ்ச ரெண்டு நண்பர்களையும் கூட்டிட்டு அங்க போய் கத்துக்கிட்டு வந்து, தீவுலயே புதுசா செய்ய ஆரம்பிச்சார். இப்ப வருஷா வருஷம் ஜனவரில வேற வேற ஊர் பட்டறைக்காரங்களும் தச்சருங்களும் அங்க கூடி பீப்பா செய்றாங்க. போட்டியாளருங்கதான், ஆனா தொழில் நுணுக்கத்த மறைக்காம சொல்லிக் குடுக்குறார்.

நாங்க பிப்ரவரில போனப்போ பழைய கருத்த பீப்பாக்களுக்கு நடுவுல புதுசுங்க வெளுப்பா நின்னுச்சு. கிட்ட போனா பச்சை மர வாசம். அது மேல இன்னும் பெருசா எதுவும் படியல, மூங்கில் பின்னல் இடுக்குல மட்டும் அங்கங்க லேசா கருப்புப் புள்ளி விழ ஆரம்பிச்சிருந்துச்சு. பொண்ணு குனிஞ்சு அதப் பார்த்துட்டு, நாங்க வாங்குன ட்சுரு பிஷியோ பாட்டில கைல வச்சுக்கிட்டு "நாலு வருஷம்னா இது தம்பி பொறந்தப்போ போட்டதா"ன்னு கேட்டா. ஆமான்னேன். வீட்டுக்கு வந்ததும் பாட்டில் மேல மார்க்கர்ல தம்பி பேர எழுதி வச்சுட்டா, ஃப்ரிட்ஜ்ல அப்படியே இருக்கு.